'டு' இல்லாத 'கோ'

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துக் கடையொன்றின் மேல்மாடியில், ஞாயிறு காலையில் பெரியவர்களுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். அண்மையில் ஒரு தங்கச்சியின் கொப்பியில் 'ஐ டிட் நொட் வென்ட்' என்று இருந்தது. 'வென்ட்'டை வெட்டிவிட்டு மேலே 'கோ' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் விடவில்லை. "சேர், நேற்று நடந்த விஷயம்தானே? அப்ப ஏன் பாஸ்ட் டென்ஸ் வரக்கூடாது?"

நியாயமான கேள்வி. 'டிட்' வந்தால் பின்னால் வினையின் முதல் வடிவம்தான் வரும், பாடமாக்குங்கள் என்று சொல்லிக் கடந்து போகலாம். எனக்கு அப்படித்தான் படிப்பித்தார்கள். அன்றைக்கு ஏதோ தோன்றித் திருப்பிக் கேட்டேன்: "போன கிழமை வகுப்பை மிஸ் பண்ணினீங்களா, மிஸ்ட் பண்ணினீங்களா?" வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அந்தத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். பாதி விளங்கிவிட்டது.

கொழும்பில் தமிழ் பேசுகிற நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆங்கில வினைகளைத் தமிழுக்குள் இழுத்துக்கொண்டு வருகிறோம் என்பதற்குக் கணக்கே இல்லை. செக் பண்ணு, ட்ரை பண்ணு, கென்சல் பண்ணிட்டாங்க, ரீலோட் பண்ணப் போறேன். 'ட்ரைட் பண்ணினேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'டு ட்ரை பண்ணினேன்' என்றும் இல்லை. (ஷொப்பிங், பெக்கிங் மாதிரிப் பெயராகவே ஆகிவிட்ட சொற்கள் வேறு கதை.) ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சேர்த்துப் பேசத் தயங்குகிறவர்கூட இந்த இடத்தில் பிழை விடுவதில்லை. காலமும் ஆளும் ஒட்டாத வெறும் வினையைச் சரியாகப் பிடுங்கி எடுத்து, காலத்தையும் ஆளையும் 'பண்ணு'வின் தலையில் கட்டிவிடுகிறோம். 'மிஸ் பண்ணினேன்' என்பதில் நேற்று என்ற செய்தி முழுவதும் 'பண்ணினேன்' என்ற சொல்லில் இருக்கிறது. 'மிஸ்' சும்மா நிற்கிறது.

'டிட்' பார்க்கிற வேலையும் இதுதான். காலத்தை அது சுமந்துவிட்டது. அதன் பிறகு 'வென்ட்' என்று இன்னொரு தடவை காலத்தை ஏற்றுவது ஒரே பயணத்துக்கு இரண்டு டிக்கெட் எடுப்பது மாதிரி. தனித் தமிழிலும் பாருங்கள். 'போகவில்லை' என்பதைப் பிரித்தால் 'போக'வும் 'இல்லை'யும். பேச்சில் அது 'போகேல்ல' என்று சுருங்கினாலும் உள்ளே இருப்பது 'போக'தான். நேற்றுப் போகாததைச் சொல்வதற்காக 'போனேன் இல்லை' என்று எவரும் பேசுவதில்லை. அந்தப் 'போக'தான் ஆங்கிலத்தில் 'டிட் நொட்'டுக்குப் பின்னால் வந்து நிற்கிற 'கோ'.

இதற்குத்தான் இன்ஃபினிட்டிவ் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் 'டு'வுடன் வினை சேர்ந்தால் இன்ஃபினிட்டிவ் என்று ஒரு வரியில் எழுதிப் போடுவார்கள். எனக்கு அந்த வரியில் நம்பிக்கை இல்லை. வாலைக் காட்டி இதுதான் மாடு என்று சொல்வது மாதிரி. காலத்தாலும் ஆளாலும் எல்லை கட்டப்பட்ட வினையை ஆங்கில இலக்கணம் ஃபைனைட் என்கிறது. அந்த எல்லை இல்லாதது இன்ஃபினிட்டிவ். தமிழ் இலக்கணம் இதை இன்னும் வடிவாகச் சொல்லி வைத்திருக்கிறது: ஒன்று முற்று, மற்றது எச்சம். 'போனேன்' முற்று, யார், எப்போது என்பதெல்லாம் அதற்குள் முடிந்துவிட்டது. 'போக' எச்சம், சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது. 'செய' என்ற வாய்பாட்டில், அதாவது அந்த மாதிரிச் சொல்லின் அச்சில், வருவதால் செயவெனெச்சம். ஆங்கில இன்ஃபினிட்டிவ்வுக்குத் தமிழில் இதைவிடக் கிட்டிய உறவு கிடையாது.

அப்படியென்றால் 'டு' எங்கிருந்து வந்தது?

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில் 'குடிக்க' என்பதற்கு 'ட்ரிங்கன்' என்று ஒரே சொல். பின்னால் உள்ள 'அன்' தான் எச்சத்தின் அடையாளம், எங்கள் 'குடிக்க'வின் கடைசியில் ஒலிக்கிற 'அ' மாதிரி. 'டு' அந்தக் காலத்தில் இன்ஃபினிட்டிவ்வின் சொந்தக்காரன் அல்ல. 'கொழும்புக்கு' என்பதில் இருக்கிற 'கு' என்ன செய்கிறதோ, அதைத்தான் அது செய்தது: திசை காட்டியது. நோக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் வினைக்கு வேற்றுமை ஏற்றி 'டோ ட்ரிங்கென்னே' என்றார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் 'குடிப்பதற்கு'. பிறகு ஆங்கிலச் சொற்களின் வால்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. 1400ஐ ஒட்டிய காலத்தில்கூட 'என்' என்ற ஒரு துண்டு சில வினைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் உதிர்ந்த பிறகு பெயரா வினையா என்று அடையாளம் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. முன்னால் நின்ற 'டு'வையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

தொல்காப்பியம் வினையெச்சத்துக்கு ஒன்பது வாய்பாடு சொல்கிறது. அந்த வரிசையில் 'செய'வும் 'செயற்கு'வும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று 'டு' இல்லாத 'கோ', மற்றது 'டு கோ'. இரண்டு மொழிக்கும் இரத்த உறவு இல்லை. ஆனாலும் நோக்கத்தைச் சொல்ல வந்தபோது இரண்டுமே 'கு'வைத்தான் தேடிப் போயிருக்கின்றன.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'கேன்', 'மஸ்ட்', 'ஷுட்', 'வில்' எல்லாம் ஏன் 'டு' கேட்பதில்லை என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். 'ஐ மஸ்ட் டு கோ' என்று எழுதுகிறார்கள். 'கேன்' ஒரு காலத்தில் முழு வினை. 'அறிவேன்' என்ற பொருளில் வழங்கியது. 'டு' இன்ஃபினிட்டிவ்வோடு ஒட்டிக்கொள்ளும் முன்பே இந்தக் கூட்டம் வெறும் எச்சத்தோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிட்டது. பிறகு வந்த 'டு'வை வீட்டுக்குள் விடவில்லை. 'ஓட்' மட்டும் விதிவிலக்கு. அதற்கு 'டு' வேண்டும்.

'ஹீ கேன்ஸ்' என்று ஏன் வராது என்பதும் இங்கேதான் இருக்கிறது. 'கேன்' பழைய இறந்தகால உருவத்திலிருந்து வந்தது. இறந்தகாலத்துக்கு 'எஸ்' ஒட்டாது. தமிழ்க் காதுக்கு இது புதினமே இல்லை. நான் போகலாம், அவள் போகலாம், அவர்கள் போகலாம். நான் போக வேண்டும், அவர்கள் போக வேண்டும். ஆளுக்கு ஆள் மாறுகிற வினைகளுக்கு நடுவில் இவை மட்டும் மாறாமல் நிற்கின்றன. எங்கள் 'போக ஏலும்', 'போக ஏலாது'வும் அப்படித்தான்.

கொழும்புக்காரருக்கு இன்னொரு வசதியும் உண்டு: சிங்களம். 'மட்ட யன்ன ஓனே' என்றால் 'எனக்குப் போக வேணும்'. சொல்லுக்குச் சொல் அப்படியே விழுகிறது. 'யன்ன புளுவன்' என்றால் போக ஏலும், 'யன்ன பே' என்றால் போக ஏலாது. 'யன்ன'தான் 'போக'. 100ஆம் இலக்க பஸ்ஸில் கண்டக்டர் 'இஸ்ஸரஹட்ட யன்ன' (முன்னால் போங்கள்) என்று விரட்டும்போது அதே எச்சம் கட்டளையாக மாறுகிறது. ஆங்கிலத்தில் 'கோ' என்று ஏவுவதும் வெறும் வினைதான். தமிழ் அப்படிச் செய்யாதே என்று நினைத்தால் அறிவித்தல் பலகைகளைப் பாருங்கள்: 'வரிசையில் நிற்கவும்'. 'நிற்க'வுக்குப் பின்னால் ஓர் 'உம்'. சட்டப் புத்தகத்தில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆங்கிலம் இணைக்கிறதோ இல்லையோ, இந்த எச்சம் மூன்றையும் இணைக்கிறது.

சரி, வினைத்தொடருக்கு வருவோம். இலக்கணப் புத்தகங்களில் வேர்ப் ஃப்ரேஸ் என்ற சொல்லுக்கு இரண்டு அளவு உண்டு. சிலர் செயப்படுபொருளையும் சேர்த்து ஒரு பெரிய மூட்டையாகக் கட்டுவார்கள். பள்ளிக்கூட இலக்கணம் துணைவினைகளையும் முதன்மை வினையையும் மட்டும் எடுக்கும். நான் இரண்டாவதைத்தான் எடுக்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்கள் விழுவது அந்தப் பள்ளத்தில்தான்.

'ஷீ மஸ்ட் ஹேவ் பீன் கோயிங்' என்று ஒரு வசனம். நான்கு வினை அடுக்கி நிற்பதைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றால் யோசிக்காமல் வரும்: 'போய்க்கொண்டு இருந்திருக்க வேண்டும்'. இப்போது அதைக் கடைசியிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள். 'வேண்டும்' என்பது 'மஸ்ட்'. 'இருக்க' என்பது 'ஹேவ்'. 'இருந்து' என்பது 'பீன்'. 'போய்க்கொண்டு' என்பது 'கோயிங்'. ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை. கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பிலிருந்து இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால் வெள்ளவத்தை ஸ்டேஷன். பவர் செட் ரயில் கோட்டைக்குப் போகும்போதும் பாணந்துறைக்குத் திரும்பும்போதும் யாரும் பெட்டிகளைக் கழற்றித் திருப்பிப் பூட்டுவதில்லை. டிரைவர்தான் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய் உட்காருகிறார். ஆங்கில வினைத்தொடரில் டிரைவர் முன் பெட்டியில். காலமும் ஆளும் அங்கேதான் ஏறும்: 'ஹீ ஹேஸ் பீன் கோயிங்' என்பதில் 'ஹேஸ்' மட்டுமே 'ஹீ'க்கு ஏற்றபடி மாறும், மற்றவை மாறாது. தமிழில் டிரைவர் கடைசிப் பெட்டியில்: 'போய்க்கொண்டிருந்தாள்' என்பதில் 'ஆள்' கடைசியில்தான் ஒட்டும். 'ஹீ கேன் கோஸ்' என்று எழுதுகிற பிள்ளை இரண்டு முனையிலும் டிரைவரை ஏற்றுகிறது.

இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெட்டியும் தனக்குப் பின்னால் வருவது எந்த உருவத்தில் வர வேண்டும் என்று தீர்மானிக்கிறது. 'மஸ்ட்'டுக்குப் பின்னால் வெறும் எச்சம். 'ஹேவ்'வுக்குப் பின்னால் 'பீன்', 'கோன்' மாதிரியான மூன்றாம் வடிவம். தொடர்நிலை 'பீ'க்குப் பின்னால் 'இங்'. செயப்பாட்டு 'பீ'க்குப் பின்னால் மறுபடி மூன்றாம் வடிவம். தமிழில் இந்த அதிகாரம் முன்னோக்கிப் பாய்கிறது: 'வேண்டும்' தனக்கு முன்னால் 'இருக்க'வைக் கேட்கிறது, அந்த 'இருக்க' தனக்கு முன்னால் 'இருந்து'வைக் கேட்கிறது. ஒரு நாள் வகுப்பில் ஒரு மாமா, "அப்ப இதுக்கு எல்லையே இல்லையா?" என்று கேட்டார். காலி வீதியைச் சாட்சிக்கு இழுத்தேன். 'த ரோட் மைட் ஹேவ் பீன் பீயிங் ரிப்பேர்ட்.' நான்கு துணைவினைக்கு மேல் ஆங்கிலம் பொதுவாகத் தாங்காது; இதையே வாயால் சொல்ல ஆட்கள் தயங்குவார்கள். நாங்களோ 'திருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கலாம்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போகிறோம். எழுதக் கூடாது என்பது வேறு விஷயம்.

கண்ணாடி உடைகிற ஒரு இடம் உண்டு. தமிழ் 'முடியும்' மேல் இன்னொரு துணைவினையைத் தாராளமாக ஏற்றலாம்: 'போக முடிய வேண்டும்'. ஏனென்றால் 'முடியும்' என்பதற்கு 'முடிய' என்ற எச்சம் இருக்கிறது. 'கேன்' அப்படியல்ல, அதற்கு இன்ஃபினிட்டிவ்வே கிடையாது. 'டு கேன்' என்று ஒன்று இல்லை. அதனால்தான் 'வில் கேன்' என்று எழுத முடியாமல் 'வில் பீ ஏபிள் டு' என்று சுற்றுப் பாதையில் போகிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்த வினைக்குப் பின்னால் 'டு' வரும், எதற்குப் பின்னால் 'இங்' வரும் என்று பட்டியல் பட்டியலாகப் பாடமாக்குகிறார்கள். ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் சுவரில் ஒட்டி வைத்துப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு தடவை தமிழில் சொல்லிப் பாருங்கள் என்பேன்.

கதவைப் 'பூட்ட மறந்துவிட்டேன்'. கதவைப் 'பூட்டியதை மறந்துவிட்டேன்'. முதலாவதில் கதவு திறந்து கிடக்கிறது. இரண்டாவதில் கதவு பூட்டியிருக்கிறது, ஞாபகம்தான் இல்லை. 'ஐ ஃபொகொட் டு லொக் த டோர்' முதலாவது. 'ஐ ஃபொகொட் லொக்கிங் த டோர்' இரண்டாவது. 'டிரைவர் பிளேன்டீ குடிக்க நிறுத்தினார்' என்றால் பஸ் நிற்கிறது: 'ஸ்டொப்ட் டு ட்ரிங்க்'. 'பிளேன்டீ குடிப்பதை நிறுத்தினார்' என்றால் டொக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார்: 'ஸ்டொப்ட் ட்ரிங்கிங்'. தமிழ் தெரிந்த ஒருவருக்கு இந்த வித்தியாசத்தைப் படிப்பிக்கவே தேவையில்லை. வினை 'அ'வில் முடிந்து முன்னோக்கிப் பார்த்தால் 'டு'. 'வதை', 'யதை' என்று ஒரு பொருளாகக் கையில் பிடிக்கக்கூடியதாக வந்தால் 'இங்'. வர மறுத்தார், வரச் சம்மதித்தார், வரச் சொன்னார், போக முடிவு செய்தார்: எல்லாமே 'டு'. சந்திப்பதைத் தவிர்த்தார், பாடுவதை ரசித்தார்: 'இங்'.

விதிவிலக்கு இல்லாத பொதுவிதி கிடையாது. 'வருவதாக வாக்குக் கொடுத்தார்' என்பதில் தமிழ் 'அ' வாய்பாட்டை விட்டுவிட்டது, ஆங்கிலம் 'டு'தான் கேட்கும். 'எழுதி முடித்தேன்' என்பது 'இங்'. 'பாடத் தொடங்கினார்', 'பாடப் பிடிக்கும்' இரண்டுக்கும் ஆங்கிலம் எதையும் ஏற்றுக்கொள்ளும். ஆனாலும் பட்டியலில் பாதிக்கு மேல் இந்தக் காதாலேயே தேறிவிடும் என்பது என் அனுபவம்.

'அழ வைத்தான்', 'போக விடு' போன்றவற்றிலும் எங்கள் 'அ' இருக்கிறது. ஆங்கிலத்தில் 'மேக்', 'லெட்' இரண்டும் பழைய பழக்கப்படி 'டு' இல்லாத எச்சத்தையே எடுக்கும்: 'மேட் மீ க்ரை', 'லெட் மீ கோ'. ஆனால் செயப்பாட்டுக்கு மாறியதும் 'மேக்' 'டு'வைத் திரும்பக் கூப்பிடும். ஒரு அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக என்னை அரை நாள் நிற்க வைத்தார்கள். 'தே மேட் மீ வெயிட்' என்றால் ஆள் தெரிகிறது. 'ஐ வொஸ் மேட் டு வெயிட்' என்றால் ஆளைக் காணவில்லை. முறைப்பாட்டுக் கடிதத்துக்கு இரண்டாவது வசதி.

'அ' எச்சத்தைக் கண்ட இடமெல்லாம் 'டு' போடவும் கூடாது. பழைய இலக்கண உதாரணங்கள் இரண்டு: 'நெல் விளைய மழை பெய்தது', 'மழை பெய்ய நெல் விளைந்தது'. முதலாவதில் 'விளைய' என்பது நோக்கி நிற்கிற காரியம். ஆங்கில 'டு' அங்கே பொருந்தும். இரண்டாவதில் 'பெய்ய' என்பது காரணம். 'ஞாயிறு பட வந்தான்' என்றால் வேளை. காரணத்துக்கும் வேளைக்கும் ஆங்கில இன்ஃபினிட்டிவ் வராது. 'பிகோஸ்', 'வென்' என்று வேறு கதவைத் தட்ட வேண்டும். 'அவர் வர நான் வெளிக்கிட்டேன்' என்பதை 'ஹீ டு கம் ஐ லெஃப்ட்' என்று ஒருவர் எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். தமிழ் எச்சத்துக்குத் தனக்கென்று ஒரு எழுவாய் இருக்கலாம். ஆங்கில எச்சம் அதற்கு 'ஃபோ' என்று ஒரு துணையைக் கேட்கும்: 'ஃபோ ஹிம் டு கம்'.

'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் ஒரு சொல்லைச் செருகலாமா என்று பழைய தலைமுறை ஆங்கில ஆசிரியர்கள் அடித்துக்கொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் கிளம்பிய சண்டை அது. செருகலாம். அவ்வளவுதான்.

கடைசியாக, வேலைக்கு விண்ணப்பிக்கிற கடிதங்களின் கடைசி வரி. அந்தத் தங்கச்சியும் ஒன்று கொண்டுவந்தார். 'ஐ லுக் ஃபோவர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ' என்று முடித்திருந்தார். தமிழ்க் காது இங்கே காலை வாரிவிடுகிறது: 'உங்கள் பதிலைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்', 'கேட்க' என்று 'அ' வந்ததால் 'டு ஹியர்'. அவர் செய்தது என் விதிப்படி சரி. விதிதான் பிழைத்துவிட்டது. ஏனென்றால் இந்த 'டு' எச்சத்தோடு ஒட்டிக்கொண்ட 'டு' இல்லை. பழைய 'கு', திசை காட்டுகிற 'கு', வேலை மாறாமல் அப்படியே இங்கே உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும், வினை வந்தால் 'இங்' போட்டுப் பெயராக்க வேண்டும்: 'டு ஹியரிங்'.

"எது எந்த 'டு' என்று எப்படிச் சேர் கண்டுபிடிக்கிறது?"

பின்னால் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள் என்றேன். 'லுக் ஃபோவர்ட் டு த ஹொலிடே' நிற்கிறது. 'வொண்ட் டு த ஹொலிடே' விழுகிறது. நின்றால் 'கு', விழுந்தால் எச்சம்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கொப்பியின் பின் மட்டையில் எதையோ எழுதிக் காட்டினார். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வசனம். 'ஐ யூஸ்ட் டு டேக் த பஸ்.' 'ஐ ஆம் யூஸ்ட் டு டேக்கிங் த பஸ்.' முதலாவதன் பக்கத்தில் 'முந்தி போவேன்' என்றும் இரண்டாவதன் பக்கத்தில் 'பஸ்ஸுக்குப் பழகிட்டேன்' என்றும் எழுதி, 'பஸ்ஸுக்கு' என்பதில் உள்ள 'கு'வை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.